மழைச்சாமியின் மனைவி

— மூக்கு என்னோடது இல்லை.

— எதைச் சொல்றீங்கம்மா?

— கோயில்ல என் வீட்டுக்காரர் சிலைக்குப் பக்கத்துல என்னையும் செஞ்சு நிறுத்தியிருக்கீங்களே, அதைத்தான். காலையில மழையோட மழையா போய்ப் பார்த்துட்டு வந்தேன். கை அழகா இருக்கு. கன்னமும் பரவாயில்லை. மூக்குதான் வேற யாரோடதோ. உங்க சம்சாரத்தை உட்கார வச்சு செஞ்சாங்களா, பாங் எழுத்தரே?

— தப்பா நினைக்காதீங்க. சிற்பி உங்களைப் பார்த்ததில்லை. அதிகாரி வீட்டு அம்மாவை ஒரு மண்ணு பிசையறவன் நேருக்கு நேரா நின்னு பார்க்கிறது முறையும் இல்லை. உங்க சமையல்காரி சொன்ன அடையாளத்தை வச்சு அவனா செஞ்சான். மூக்கைத் திருத்தச் சொல்லிடறேன்.

— பட்டு கட்டியாச்சு. தலையில பூவும் வச்சாச்சு. கண்ணை மட்டும் எழுதாம விட்டிருக்கே.

— கண் திறக்கறதுக்கு நேரம் காலம்னு இருக்கேம்மா.

— உயிரோட இருக்கிறவளுக்குக் கண் திறக்க முடியாது. அதைச் சொல்லத்தானே இந்த மழையில வந்திருக்கீங்க? உட்காருங்க. துக்க வீடு, வெறும் தேத்தண்ணிதான். நான் திரைக்கு இந்தப் பக்கமே இருந்துக்கறேன். முறைன்னு ஒண்ணு இருக்கில்ல.

— இருக்கும்மா. முறையை வச்சுத்தான் இந்த வெய்சுவான் ஊரே நிக்குது. எங்க அப்பா இதே அதிகாரி கச்சேரியில எழுத்தரா இருந்தார். அவரோட அப்பாவும் இங்கதான். அதிகாரிங்க வெளியூர்ல இருந்து வருவாங்க. மூணு வருஷம் இருப்பாங்க, போயிடுவாங்க. நாங்க போக இடமில்லாதவங்க. அதனால நான் பேசறது கசந்தாலும், ஊருக்காகப் பேசறான்னு எடுத்துக்கணும்.

— சொல்லுங்க.

— தலைநகரத்துல இருந்து சேதி வந்துடுச்சு. ஐயாவுக்கு சக்கரவர்த்தி கையால பட்டம் கிடைக்கப் போகுது. 'மழை தந்த பிரபு'ன்னு. இந்தச் சுத்து வட்டாரத்துல எந்தச் சாமிக்கும் கிடைக்காத பட்டம். கூடவே ஊருக்கு வரித் தள்ளுபடி. ரெண்டு வருஷமா வானம் பார்த்துக் காய்ஞ்சுபோன ஜனங்களுக்கு அது என்னன்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

— அவருக்குப் பிடிச்சிருக்காது.

— தெரியும். மலையடிச் சாமிக் கோயிலை எல்லாம் 'அரசாங்க அனுமதி இல்லாத கோயில்'னு இடிச்சுத் தள்ளினவராச்சே. இப்போ அனுமதியோட அவருக்கே கோயில். சரி, அது போகட்டும். பட்டத்துக்கு முன்னாடி ஒரு விசாரணை இருக்கு. உள்ளூர்க்காரன் உள்ளூர்ச் சாமிக்கு சாட்சி சொன்னா எடுபடாதுன்னு, பக்கத்துச் சீமையில இருந்து ஒரு அதிகாரியை அனுப்புவாங்க. அவர் வந்து சாமி நிஜமாவே மழை பெய்ய வச்சுதா, விண்ணப்பத்துல எழுதினது சரியான்னு நேர்ல பார்ப்பார். நாளைக்கு அவர் படகு வந்துடும்.

— வரட்டுமே. நானும் அவர்கிட்ட பேசறேன். என் புருஷன் சவப்பெட்டியை அவர் சொந்த ஊருக்குக் கொண்டு போக ஒரு படகு கேட்டு அலையறேன். இந்தத் துறையில எனக்கு மட்டும் படகே இல்லாமப் போச்சுன்னு சொல்றேன்.

— அங்கதாம்மா சிக்கல். அவர்கிட்ட நீங்க பேச முடியாது. விண்ணப்பத்துல நீங்க இல்லை.

— இல்லைன்னா?

— ஐயா போன துக்கம் தாங்காம நீங்களும் பின்னாடியே போயிட்டதா எழுதியிருக்கு.

— செத்துட்டதா.

— 'கற்பு நெறி நின்ற மனைவி கணவரைத் தொடர்ந்தாள்'. அப்படித்தான் போட்டிருக்கு.

— யார் எழுதினது?

— என் கைதான். ஊர்ப் பெரியவங்க எல்லாரும் கீழே ஒப்பம் வச்சிருக்காங்க. கோவப்படாம கேளுங்க. மழைக்காக உயிரை விட்ட அதிகாரின்னு மட்டும் எழுதியிருந்தா, பட்டம் கொடுக்கிற சடங்கு இலாகாவுல அது காகித மூட்டைக்கு அடியில கிடந்திருக்கும். நாட்டுல எத்தனை ஊர், எத்தனை மழைச்சாமி. புருஷனும் பெண்டாட்டியுமா உயிரைக் கொடுத்தாங்கன்னு எழுதினதாலதான் ஒருத்தர் நின்னு படிச்சிருக்கார்.

— நல்லா யோசிச்சிருக்கீங்க.

— அப்போ நீங்களே மூணு நாளா சோறு தண்ணி தொடாமக் கிடந்தீங்க. பிழைக்க மாட்டீங்கன்னுதான் வைத்தியர் சொன்னார். நடக்கப் போறதைக் கொஞ்சம் முன்கூட்டி எழுதினதா நினைச்சேன். அப்புறம் நீங்க எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிச்சிட்டீங்க.

— மகளுக்கு அம்மா வேணும்னு குடிச்சேன். அதை ஒரு குத்தமா சொல்றீங்க.

— குத்தம்னு யார் சொன்னா? சக்கரவர்த்திக்குப் பொய் எழுதினா என்ன தண்டனைன்னு உங்களுக்குத் தெரியும். ஒப்பம் வச்ச ஒவ்வொரு வீட்டுலயும் தலை உருளும். பிள்ளைங்களைக் கூட விட மாட்டாங்க. எழுதினதை நிஜமாக்கிட்டா அது பொய்யே இல்லை. இது ஒரு பக்கம்.

— இன்னொரு பக்கமும் இருக்கா?

— வெளிய கேக்கறீங்களே, அந்தத் தண்ணிச் சத்தம். ஐயா உயிர் போன சாயங்காலம் பிடிச்ச மழை இன்னிக்கு வரைக்கும் விடலை. முதல்ல ஜனங்க தெருவுல நின்னு வாயைத் திறந்துட்டு அழுதாங்க. நானும் அழுதேன். இப்போ ஆறு கரையை முட்டுது. தெக்கால ஒரு இடத்துல கரை விண்டிருக்கு. மண்மூட்டை போட்டுப் போட்டு ஆம்பளைங்களுக்குக் கை ஓஞ்சு போச்சு. நாத்து எல்லாம் அழுகிடுச்சு. சாமிக்கு எதுல குறைன்னு ஜனங்க கேக்கறாங்க. தனியா இருக்காரேன்னு பேசிக்கறாங்க.

— ஜனங்க பேசிக்கறாங்களா, நீங்க பேச வச்சீங்களா?

— எதுவா இருந்தா என்னம்மா? பேச்சு பிறந்துடுச்சு. அதோ கேக்குதே மேளம், கோயில்ல லியாவ் ஆடறா. இந்த ஊர்ல சாமி வர்ற ஒரே பொம்பளை அவதான். இன்னிக்கு சாமி அவ வாயால உங்களைக் கேட்கும். கேட்டதும் பல்லக்கை எடுத்துட்டு இங்க வருவாங்க.

— சாமி என்ன கேட்கும்னு சாமிக்கு முன்னாடி உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.

— நான் அவளுக்கு மாசாமாசம் அரிசி அளக்கறேன்மா. அவ குடிசை இடிஞ்சப்போ கட்டிக் கொடுத்ததும் நான்தான்.

— நிங் எங்க? என் மகளைக் காலையில இருந்து காணோம்.

— எங்க வீட்டுல இருக்கா. எம் மருமக வந்து கூட்டிட்டுப் போனா. எள்ளு உருண்டை பிடிக்கறதைப் பார்த்துட்டு நகர மாட்டேங்கறாளாம்.

— என்னைக் கேக்காம.

— பல்லக்கு வரும்போது பிள்ளை இங்க இருக்க வேணாமேன்னுதான். அவளைப் பத்தி நீங்க கவலையே பட வேண்டாம். தண்ணி வடிஞ்சதும் நானே துணைக்குப் போய் அவ பெரியப்பா வீட்டுல விட்டுட்டு வர்றேன். மழை தந்த பிரபுவோட மகள், கற்புக்கரசி பெத்த மகள். நாளைக்கு அவளைப் பெண் கேட்டு எப்பேர்ப்பட்ட வீட்டுல இருந்தெல்லாம் வருவாங்க, யோசிச்சுப் பாருங்க.

— நான் வர மாட்டேன்னு சொன்னா?

— நீங்க அப்படிச் சொல்ல மாட்டீங்க.

— ஏன்?

— பிள்ளை எங்க வீட்டுல இருக்காளேம்மா.

— இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி ஊத்திக்குங்க. கூஜா உங்க பக்கம்தான் இருக்கு. போறதுன்னு ஆனதுக்கு அப்புறம் எனக்கு ஒண்ணு தெரியணும். அவரை விறகு மேடை ஏத்தின கதையை உங்க வாயால கேக்கணும். நான் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்ததுதான். பாதிதான் தெரிஞ்சுது.

— அது எதுக்கும்மா இப்போ?

— அவர் பக்கத்துல காலத்துக்கும் உட்காரப் போறவ. என்ன நடந்துதுன்னு தெரியாம உட்காரச் சொல்றீங்களா?

— சரி. சொல்றேன். ஜனங்க கொதிச்சுப் போயிருந்தாங்க. கோயிலை இடிச்சதாலதான் வானம் மூடிக்கிச்சுன்னு பேச்சு. பெரியவங்க எல்லாம் கச்சேரி வாசல்ல வந்து மண்டி போட்டாங்க. அந்தக் காலத்துல நல்ல அதிகாரிங்க மழைக்காகத் தங்களையே வெயில்ல காய வச்சாங்க, நீங்களும் செய்யணும்னு கேட்டாங்க. ஐயா மறுக்கலை. படிச்சவர் இல்லையா, அதையெல்லாம் நிஜம்னு நம்பினார். ஆள்றவன் மனசு சுத்தமா இருந்தா வானம் பதில் சொல்லும்னார். விறகை ஆள் உயரத்துக்கு மேல அடுக்கினோம். மழை வராட்டி இந்த விறகோட எரிஞ்சு போறேன்னு எல்லார் முன்னாடியும் சத்தியம் பண்ணிட்டு ஏணியில ஏறினார். சாயங்காலம் இறங்கிடுவார்னுதான் நான் நினைச்சேன். வழக்கமா அப்படித்தான். கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டு, ஒரு குடையைப் பிடிச்சு இறக்கிடுவோம். ஜனங்களுக்கும் திருப்தியாயிடும்.

— பெரியவங்களை மண்டி போட வச்சது யாரு?

— அவங்களா வந்தாங்க.

— முந்தின நாள் சாயங்காலம் அவர் ஊர்க் களஞ்சியத்துக்குப் போயிட்டு வந்தார். ராத்திரி சாப்பிடலை. கேட்டேன். நெல் குவியலுக்குள்ள கையை விட்டேன், முழங்கை வரைக்கும் போறதுக்குள்ள உமி வந்துடுச்சுன்னார். மேல ஒரு போர்வை மாதிரி நெல்லு, அடியில எல்லாம் உமி. காலையில முதல் வேலையா மேலிடத்துக்கு எழுதறேன்னார். காலையில அவர் கதவைத் திறக்கறதுக்குள்ள வாசல்ல பெரியவங்க மண்டி போட்டிருந்தாங்க.

— இதை யார்கிட்டயாவது சொன்னீங்களா?

— உங்ககிட்ட சொல்றேனே.

— தப்பா நினைக்காதீங்க அம்மா, நான் ஒரு பிடி நெல்லைக் கூட வீட்டுக்கு எடுத்துட்டுப் போனதில்லை. வடக்க சண்டைக்குப் போன படை இந்த வழியாத்தான் போச்சு. சேனாதிபதி வாயால உத்தரவு போட்டார். ஓலையும் இல்லை, முத்திரையும் இல்லை. அள்ளிட்டுப் போனாங்க. அப்போ இருந்த அதிகாரி, 'எழுதாதே பாங், எழுதினா என் உத்தியோகம் போயிடும்'னார். அவருக்கு அப்புறம் வந்தவரும் அதையேதான் சொன்னார். எல்லாரும் 'களஞ்சியம் நிறைவு'ன்னு எழுதிக் கொடுத்துட்டு, மாலை போட்டுக்கிட்டுப் போயிட்டாங்க. கடைசியில மாட்டறது யார்? எழுத்தன். என் தலை, என் பிள்ளைங்க தலை. என் இடத்துல இருந்திருந்தா நீங்க என்ன செஞ்சிருப்பீங்க?

— நான் பொய்யா எழுதியிருக்க மாட்டேன்னு சொல்ல மாட்டேன். ஆனா பஞ்சம் வந்தப்போ, 'நெல் உள்ள இருக்கு, புது அதிகாரிதான் சாவியைக் கொடுக்க மாட்டேங்கறார்'னு ஊர் பூராவும் சொல்லி வச்சிருக்க மாட்டேன். களஞ்சியத்து வாசல்ல ஜனங்க பிள்ளைங்களைத் தூக்கி வச்சுக்கிட்டு நின்னாங்களே, அது எனக்கு மாடியில இருந்து தெரிஞ்சுது. அந்த வாசல்ல சிலதுங்க செத்தும் போச்சு.

— ஏதாவது சொல்லி ஜனங்களை நிறுத்தி வைக்கணுமேம்மா.

— ஏணியை எடுத்தது யார்?

— கூட்டம் எடுத்துச்சு.

— கூட்டத்துக்குக் கை உண்டா, பேர் உண்டா?

— ரெண்டாம் நாள் அவருக்கு மயக்கம் வந்துடுச்சுன்னு சொன்னாங்க. இறக்கப் போனா, சிலபேர் ஏணியைப் பிடிச்சுக்கிட்டாங்க. சத்தியம் பண்ணினவர் பாதியில இறங்கினா வானம் இன்னும் கோவிச்சுக்கும்னாங்க. நான் அப்போ அங்க இல்லை. களஞ்சியத்துல வேலை இருந்துது.

— உமியை மூடற வேலை.

— அம்மா.

— நான் சுவர் ஓட்டை வழியா பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். என்னை வெளிய விடலை. கதவுல உங்க கச்சேரிச் சேவகன் கெங்தான் நின்னான். போகணும்னேன். 'எழுத்தரய்யா உத்தரவு, மன்னிச்சிடுங்கம்மா'ன்னான். அழுதுட்டேதான் சொன்னான். மூணாம் நாள் என் வீட்டுக்காரர் உட்காரலை, படுத்துட்டார். உதடு வெடிச்சு முகமெல்லாம் கறுத்துப் போயிருந்துது. கீழே குனிஞ்சு ஏதோ சொன்னார். கூட்டம் மந்திரம் சொல்லிட்டே இருந்ததால யாருக்கும் காதுல விழலை. நான் நின்ன இடம் காத்துப் பக்கம். எனக்கு விழுந்துது. அன்னிக்குச் சாயங்காலமே மேகம் வந்துடுச்சு. அவர் அதைப் பார்த்தாரா இல்லையான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

— நல்ல மனுஷர். அதை நான் எங்க வேணாலும் சொல்லுவேன். இத்தனை அதிகாரிங்களைப் பார்த்துட்டேன், களஞ்சியத்துக்குள்ள கையை விட்டுப் பார்த்தவர் அவர் ஒருத்தர்தான். அவருக்குக் கோயில் கட்டணும்னு முதல்ல சொன்னதும் நான்தாம்மா. வேஷம் இல்லை. ராத்திரி தூக்கம் வராட்டி அங்க போய் ஊதுவத்தி ஏத்திட்டு வர்றேன்.

— ஏத்தினா தூக்கம் வருதா?

— சில நாள் வரும்.

— மேளம் கிட்ட வர்ற மாதிரி இருக்கே.

— ஆமாம். கோயிலை விட்டுக் கிளம்பிட்டாங்க. அம்மா, எல்லாம் மரியாதையா நடக்கும். கோயில் பின்கட்டுல ஒரு அறை ஒழிச்சு வச்சிருக்கோம். வெள்ளைப் பட்டு நல்ல உசத்தியானது, நானே தொட்டுப் பார்த்து வாங்கினேன். எங்க வீட்டுப் பெண்கள் கூட இருப்பாங்க. ஒரு ஆம்பளை உள்ள வர மாட்டான். உடுத்திக்க நேரம் வேணும்னா இப்போவே எழுந்துக்கலாம்.

— நான் காலையிலயே குளிச்சுட்டேன்.

— அப்போ தெரிஞ்சேதான் இருந்திருக்கீங்க.

— சிலையைப் பார்த்தாலே தெரியாதா? வந்த வழியிலேயே முடிவு பண்ணிட்டேன், இன்னிக்கு யார் கூப்பிட்டாலும் எழுந்து போறதுன்னு. பயம் இருக்கு. திரை வழியா அது உங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

— பெரிய மனசு உங்களுக்கு.

— எழுத்தரய்யா. உள்ள வரலாங்களா?

— கெங்கா? வாடா, வா. பல்லக்கு வந்தாச்சா?

— வாசல்ல நிக்குதுங்க. ஊரே பின்னாடி வந்திருக்குதுங்க. தெரு கொள்ளலை.

— நல்லது. அம்மா தயாரா இருக்காங்க. பொம்பளைங்களை மட்டும் உள்ள அனுப்பு. மேளத்தைக் கொஞ்சம் அடக்கிக்கச் சொல்லு.

— அம்மாவுக்கு இல்லீங்களே.

— என்னடா அம்மாவுக்கு இல்லை?

— பல்லக்குங்க. பாப்பாவையும் கூட்டியாந்துட்டோம். மூட்டையைக் கட்டச் சொல்லுங்க, துறையில படகு நிக்குது, சவப்பெட்டியைத் தூக்கவும் ஆள் வந்திருக்கு. அம்மாவும் பாப்பாவும் ஐயா எலும்பைச் சொந்த ஊருக்குக் கொண்டு போகணும்னு சாமி உத்தரவு ஆயிடுச்சுங்க.

— யார் உத்தரவு? லியாவ் என்ன ஆடினா? ஒழுங்காச் சொல்லு.

— நானும் சின்ன வயசுல இருந்து பார்க்கிறேனுங்க, அவ இப்படி ஆடிப் பார்த்ததில்லை. முதல்ல சுத்திச் சுத்தி ஆடினா. அப்புறம் படுத்துட்டா. உதட்டை நாக்கால நனைச்சுக்கிட்டே ஐயா குரல்ல பேசினா. ஐயாகிட்ட வேலை பார்த்தவன் இல்லீங்களா, எனக்குத் தெரியாதா அந்தக் குரல்? 'என் கச்சேரியில வழக்கு குவிஞ்சு கிடக்கு, மழையைத் திறந்து விட்டுட்டேன், நிறுத்த உத்தரவு எழுத எனக்கு எழுத்தர் இல்லை'ன்னு சொல்லுச்சுங்க. அப்புறம் ஒரே வார்த்தைதான். 'பாங்கைக் கூப்பிடு, பாங்கைக் கூப்பிடு'ன்னு. தொண்டை கட்டற வரைக்கும். ஜனங்க எல்லாம் அப்படியே விழுந்துட்டாங்க.

— அவளுக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு. நான் அரிசி போடறவன்னு அவளுக்குத் தெரியாதா?

— அவ சொல்லலீங்களே. சாமி சொல்லுச்சு.

— நீங்க. நீங்கதான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தீங்க.

— ரெண்டு விஷயம் சொன்னேன், எழுத்தரே. போன வாரம் சவப்பெட்டிக்கு முன்னாடி, அவருக்குப் போய்ச் சேரட்டும்னு காகிதக் காசு எரிக்க வந்தா. என் கோயிலை இடிச்சவர்னு அவர் மேல மண்ணை வாரித் தூத்தினேன், என்னை மன்னிக்கச் சொல்லுங்கன்னு அழுதா. அவளோட பிள்ளை களஞ்சியத்து வாசல்ல செத்ததுன்னு அப்போதான் எனக்குத் தெரிஞ்சுது. உள்ள நெல்லை வச்சுக்கிட்டு என் வீட்டுக்காரர் திறக்கலைன்னு நினைச்சுட்டிருந்தா. உள்ள உமிதான் இருந்துதுன்னு சொன்னேன். அது ஒண்ணு.

— இன்னொண்ணு?

— அவர் கடைசியா மேடை மேல இருந்து என்ன சொன்னார்னு கேட்டா. சொன்னேன். தண்ணி கேக்கலை, என்னைக் கேக்கலை. ஏணியை வைக்கச் சொல்லத்தான் இருக்கும், பாவம், உங்களை அவ்வளவு நம்பினார். 'பாங்கைக் கூப்பிடு'ன்னார். திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னார். மத்தபடி இன்னிக்கு அவ என்ன ஆடுவான்னு எனக்குத் தெரியாது. நிஜமாவே என்னைத்தான் கூப்பிடப் போறாங்கன்னு உட்கார்ந்திருந்தேன்.

— அம்மா, ஒரு வார்த்தை கேளுங்க. நாளைக்கு விசாரணைக்கு வர்றவர்கிட்ட யார் பேசுவா? நீங்க உயிரோட இருந்தா விண்ணப்பம் பொய். ஊர் முழுக்க மாட்டும். கெங், அதை வெளிய எடுத்துச் சொல்லுடா. அவங்க வீட்டுத் தலையும் போகும்னு சொல்லு.

— பெரியவங்க அதை வழியிலயே பேசிட்டாங்கய்யா. எழுதினது நீங்க. எழுத்துல ஒரு பிசகு ஆயிடுச்சு. ஐயாவைப் பின்தொடர்ந்து போனது பெண்சாதி இல்லை, அவரோட எழுத்தர்தான்னு சொல்லிக்கிடுவாங்களாம். விசுவாசமான எழுத்தர்னு உங்களுக்கும் பட்டம் கேப்பாங்களாம். ஐயா காலடியில உங்களுக்கு ஒரு இடம் ஒதுக்கிட்டாங்க.

— கோயில் பின்கட்டுக்கா?

— இல்லீங்க. கரை விண்டிருக்கிற இடத்துக்கு. உங்களை அங்க இறக்கச் சொல்லித்தான் சாமி கைகாட்டிச்சு.

— கெங். உன் அப்பன் செத்தப்போ சவப்பெட்டிக்குப் பலகை கொடுத்தது யாரு? உன்னைக் கச்சேரியில சேர்த்துவிட்டது யாரு?

— நீங்கதானுங்க. மறக்கலை. என் உயிர் இருக்கிற வரைக்கும் வருஷா வருஷம் உங்களுக்குப் படையல் போடுவேன்.

— அம்மா. ஒரு வார்த்தை. உங்க வார்த்தையை அவங்க கேப்பாங்க. சாமியோட மனைவி சொன்னா கேப்பாங்க.

— கேப்பாங்க. ஆனா மழை நிக்கணுமே, எழுத்தரே. கரைக்கு அந்தப் பக்கம் எத்தனை வீடு இருக்கு. என்கிட்ட இதையேதான் சொன்னீங்க. எனக்கு உங்க மேல கோவமா இல்லையான்னே தெரியலை. இந்த நேரம் வந்தா சந்தோஷமா இருக்கும்னு ராத்திரியெல்லாம் நினைச்சிருக்கேன். இல்லை. கெங், என் பிள்ளை எங்கே?

— வாசல்லதாம்மா, சமையல்காரி இடுப்புல இருக்குது.

— அவ முகத்தை அந்தப் பக்கம் திருப்பி வச்சுக்கச் சொல்லு.

— சரிங்கம்மா. எழுத்தர் சாமி, தலையைக் குனிஞ்சு ஏறிக்குங்க. பல்லக்குக் கூரை தாழ்வா இருக்கு, இடிச்சுக்கப் போறீங்க.